வேப்ப மரத்து வைஃபை

"அம்மா, எனக்கு டிரெய்லர்லயே தங்க இடம் குடுத்துட்டாங்க" என்று போனில் சொன்னேன்.

"டிரெய்லர் இருக்கட்டும்டா, மெயின் பிக்சர் எப்போ?" என்றாள் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் டிரெய்லர் என்றால் ஒன்று சினிமாவுக்கு முன்னால் வருவது, இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி ரோட்டில் நமக்கு முன்னால் வழிவிடாமல் போவது. இரண்டிலும் யாரும் குடித்தனம் செய்வதில்லை. நான் செய்தேன். 2022 ஜூனில் தொடங்கிப் பத்து மாதம்.

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா, ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு குடோன் கட்டுகிற வேலை. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது, கம்பி எத்தனை டன் போனது என்று கணக்கு வைப்பவன். பெரியபாளையம் போகிற மெயின் ரோட்டிலிருந்து வயலுக்கு நடுவே மண்பாதையில் எண்ணூறு மீட்டர் உள்ளே போனால் சைட். அங்கே இருபதடி நீளம், எட்டடி அகலத்தில் ஓர் இரும்புக் கன்டெய்னர். முன்பாதி ஆபீஸ், பின்பாதி என் வீடு. கன்டெய்னரைக் கீழே இறக்கி வைக்கக் கிரேன் வாடகை கேட்டார்களாம். முதலாளி டிரெய்லரோடு அப்படியே நிறுத்திவிட்டார். எட்டுச் சக்கரத்தின் மேல் பத்து மாதம் நான் ஓரடிகூட நகராமல் பயணம் செய்தேன்.

இதில் இன்னொரு சிக்கல். நான் பிறந்த ஊரும் ஆரணிதான். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டுச் சேலைக்குப் பேர்போனது. வேலைக்கு வந்தது ஆரணி ஆற்றங்கரை ஆரணி. ஊரில் யாராவது "பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டால் அம்மா "ஆரணியில" என்பாள். "அப்புறம் ஏன் வீட்டுக்கே வர்றதில்ல? மருமகளோட சண்டையா?" என்பது அடுத்த கேள்வி.

முதல் நாள் பெட்டியை வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டேன். சிக்னல் சுத்தமாக இல்லை. கதவைத் திறந்தேன். ஒரு கோடு வந்தது. வாசற்படியில் ஒற்றைக் காலை வெளியே வைத்து நின்றேன். இரண்டு கோடு. இரண்டு காலையும் வெளியே வைத்தால் மூன்று கோடு, கூடவே கொசு.

காரணம் பிறகுதான் விளங்கியது. 1836-ல் மைக்கேல் ஃபாரடே ஒரு பெரிய பெட்டி முழுக்க உலோகத் தகடு போர்த்தி, வெளியே மின்சாரத்தைப் பாய்ச்சிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமே எட்டவில்லை. நாலாபுறமும் இரும்பு அடைத்த கன்டெய்னரும் அதே ஜாதிதான். ரேடியோ அலை தகட்டில் முட்டித் திரும்பிப் போய்விடும். ஃபாரடே பரிசோதனை முடிந்ததும் வெளியே வந்துவிட்டார். எனக்கு அங்கேயே சம்பளம் போட்டிருந்தார்கள்.

எனக்கு இன்டர்நெட் வேண்டியது பொழுதுபோக்குக்கு அல்ல. மாலை ஏழு மணிக்குள் ஸ்டாக் ரிப்போர்ட் ஹெட் ஆபீசுக்குப் போயாக வேண்டும். மிச்சக் கம்பியைத் தமிழ்நாட்டுக்குள் வேறு சைட்டுக்கு லாரியில் ஏற்றினால், சரக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கிற பட்சத்தில் இ-வே பில் போட்டாக வேண்டும். பில் கையில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. டிரைவர் என்னையே பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன்.

காசு ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான் வேடிக்கை. 2014-ல் ஒரு ஜிபி டேட்டா சராசரியாக 269 ரூபாய் என்பது அரசு சொல்லும் கணக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு விலை சரிந்த சரிவில், ஒரு டீக் காசுக்கு ஒரு ஜிபி என்றாகிவிட்டது. நானும் தினம் ஒன்றரை ஜிபி திட்டம்தான் போட்டிருந்தேன். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை ரீசார்ஜ். தமிழ் வருஷத்துக்கு மாதம் பன்னிரண்டு, ரீசார்ஜ் வருஷத்துக்குப் பதின்மூன்று. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று 2022 ஜனவரியில் ட்ராய் உத்தரவு போட வேண்டியிருந்தது. என் கவலை அதுவல்ல. தினமும் நள்ளிரவு பன்னிரண்டுக்கு என் ஒன்றரை ஜிபி, ஒரு துளிகூடச் செலவாகாமல் காலாவதியாகும். சாப்பாட்டு டோக்கன் சட்டைப்பையில் கட்டுக்கட்டாக இருக்கிறது. மெஸ்தான் எட்டாத தூரத்தில்.

சரி, ஃபைபர் போட்டுவிடலாம் என்று ஒரு பிராட்பேண்ட் கம்பெனிக்குப் போன் செய்தேன். மெயின் ரோட்டில் அவர்கள் கம்பி போவதைக் கண்ணால் பார்த்திருந்தேன்.

"டோர் நம்பர் சொல்லுங்க சார்."

"டோர் இருக்கு. நம்பர் இல்ல."

"வீட்டு வரி ரசீது?"

"வீடே இல்லையே தம்பி, கன்டெய்னர். டிரெய்லர் மேல நிக்குது. வண்டி நம்பர் வேணா இருக்கு. டிஎன் பதினெட்டுன்னு ஆரம்பிக்கும்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் அமைதி. "வண்டி நம்பருக்கு ஃபாஸ்டேக் தான் சார் கிடைக்கும்" என்று அந்தப் பிள்ளை மரியாதையாகச் சொன்னது.

மெஸ் சமையல்காரர் இதைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். "பக்கத்துல சிறுவாபுரி முருகன் இருக்காரு. ஆறு செவ்வாய்க்கிழமை போங்க. சொந்த வீடு அமையும்." அதாவது வீடு வந்தால் கதவு வரும், கதவு வந்தால் எண் வரும், எண் வந்தால் ஃபைபர் வரும். தொலைத்தொடர்புத் துறையின் நடைமுறையைவிட இது தெளிவாக இருந்தது. மூன்று செவ்வாய் போனேன். நாலாவது செவ்வாய் கான்கிரீட் போட்டார்கள்.

சென்னைக் கடற்கரையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்து அந்தமானுக்கு இன்டர்நெட் கொடுத்துவிட்டார்கள், 2020 ஆகஸ்டில். சுறாவுக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம் போகிற கம்பி, நாலு வரப்பும் ஒரு வாய்க்காலும் தாண்டி எண்ணூறு மீட்டர் வரவில்லை. அந்தமானுக்கு டோர் நம்பர் இருக்கிறதுபோல.

மெயின் ரோட்டு முனையில் அக்கா ஒருவரின் டீக்கடை. அவர் வீடு கடைக்குப் பின்னாலேயே. வீட்டில் வைஃபை உண்டு. "டீ குடிக்கறவங்களுக்கு ஃப்ரீ தம்பி" என்றார்.

"பாஸ்வேர்ட் என்னக்கா?"

"பவானியம்மா துணை."

கேட்க எளிது, ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். துணைக்கு 'டி'க்கு அப்புறம் 'ஹெச்' உண்டா? கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? அம்மாவுக்கு எத்தனை 'எம்'? பவானியில் 'பி'யோடு 'ஹெச்' சேருமா? அக்காவைக் கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும், வச்சது என் பையன். காலேஜ் போயிருக்கான்" என்றார். பதினோராம் முயற்சியில் கதவு திறந்தது. தொல்காப்பியர் காலத்திலிருந்து இலக்கணம் எழுதி வருகிறோம், 'துணை'யை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு நூற்பா போட்டிருக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு அரசாங்கத்தில் திட்டமே இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி. அந்தக் காலத்து எஸ்டிடி பூத் மாதிரி, டீக்கடை, மளிகைக்கடை யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம். அக்கா அந்தத் திட்டத்தில் சேரவில்லை. அவருடையது டீ-வாணி. ஸ்டாக் ரிப்போர்ட் அனுப்ப நாலு டீ ஆகும். இ-வே பில் போட்டால் கூட ஒரு வடை. மாசக் கடைசியில் மொத்தக் கணக்கு அனுப்பிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பித்தம் தலைக்கேறி, மூட்டைகளைக் கனவில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்து பொன்னேரி ரயில் நிலையம். அங்கே ரயில்டெல் வைஃபை அப்போது முதல் அரை மணி நேரம் இலவசம். அதற்குமேல் பத்து ரூபாய் கட்டினால் ஒரு நாளைக்கு 5 ஜிபி, அதுவும் 34 எம்பிபிஎஸ் வேகத்தில். பத்து ரூபாய்க்கு இதைவிட யார் தருவார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் பஸ் ஏறிப் போனேன். பிளாட்பாரம் டிக்கெட் பத்து, டேட்டா பத்து, போகவர பஸ் தனி. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மகளோடு வீடியோவில் பேசினேன். மூன்று எலெக்ட்ரிக் டிரெயின் வந்து போனது, நான் ஏறவில்லை. பரிசோதகர் வந்து நின்றார்.

"யாரை அனுப்ப வந்தீங்க?"

"ஒரு எக்செல் ஃபைலை சார்."

பிளாட்பாரம் டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயுள் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். அந்த 5 ஜிபியில் மிச்சம் நாலரை ஜிபி இருந்தது. தூக்குவாளி கொண்டுபோயிருந்தால் ஊற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

கடைசியில் சிம் போடுகிற 4ஜி ரூட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். நாலாவது நாள் 'டெலிவரி செய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி. சைட்டில் யார் கையிலும் இல்லை. ராத்திரி அம்மா கூப்பிட்டாள். "ஏண்டா, இன்னாவோ டப்பா அனுப்பிக்கீறியே, இது இன்னாது?" என் செல்போனில் பழைய விலாசம் பதிவாகி இருந்திருக்கிறது. ஆரணி என்று அடித்ததும் அது தானாகவே பட்டு ஆரணியைப் பிடித்துக்கொண்டது. ஆறு-பூஜ்யம்-ஒன்று என்று தொடங்கினால் எங்கள் பின்கோடு, ஆறு-மூன்று-இரண்டு என்றால் அவர்களுடையது. நான் கவனிக்கவில்லை.

"அம்மா, அதுதான் நெட் குடுக்கற மெஷின்."

"அப்படியா? பச்சை லைட் எரியுதேன்னு சாமி ரூம்ல வச்சிக்கீறேன்."

ஊருக்குப் போய்வந்த ஒருவர் மூலம் விபூதி வாசனையோடு ரூட்டர் வந்து சேர்ந்தது. கன்டெய்னருக்குள் வைத்தேன். ஃபாரடே சிரித்தார். சன்னலில் கட்டினேன். வெயிலில் அடுப்பு மாதிரி காய்ந்து நின்றுபோனது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வெளி ஆன்டெனா விலை கேட்டேன். ரூட்டரைவிட ஆன்டெனா விலை, ஆன்டெனாவைவிட கேபிள் விலை என்று ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர், "டவர் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். ராத்திரி சில சமயம் போன் போட்டால் தெலுங்கில் ஓர் அம்மாள் பேசுவார். எல்லை தாண்டி எந்த டவரையோ பிடித்துக்கொள்கிறது போல. எங்கள் ஆறும் ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கமிருந்துதான் வருகிறது, அது வந்த வழியே சிக்னலும் வந்தால் என்ன தப்பு என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து இலவச வைத்தியத்தில் இறங்கினேன். நியூசிலாந்தில் ஒருவர், எண்ணெயில் பொரித்ததை அள்ளுகிற கம்பி வலைக் கரண்டியை டிஷ் ஆன்டெனாவாக்கி வைஃபையைத் தூரத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று எங்கோ படித்திருந்தேன். விஷயம் எளிதுதான். எங்கள் சிக்னலின் அலைநீளம் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். வலையின் ஓட்டை அதைவிடச் சின்னதாக இருந்தால் அலைக்கு அது ஓட்டையாகவே தெரியாது, தகடு என்று நினைத்துத் திரும்பிவிடும். குழிவாக இருப்பதால் திரும்புகிற அலை ஓரிடத்தில் சேரும். மெஸ்ஸில் ஜல்லிக்கரண்டி இருந்தது. செல்போனுக்குப் பின்னால் கட்டி, தெற்கே திருப்பி, மூச்சுவிடாமல் நின்றேன். கோடு ஒன்று ஏறியது! ரிப்போர்ட் பாதி போயிருக்கும். சமையல்காரர் வந்துவிட்டார்.

"சார், பூரிக்கு மாவு தேச்சாச்சு. கரண்டி எங்க?"

ஹெட் ஆபீசில் மறுநாள் கேட்டார்கள், "நேத்து ஏன் பாதி ரிப்போர்ட்தான் வந்தது?" பூரி என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார்கள்.

தீர்வு வந்தது எங்கள் லேபர் கேம்ப்பிலிருந்து. ஒடிசாவிலிருந்து வந்து கம்பி கட்டுகிற ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். நான் கரண்டியோடு ஆடிய கூத்தை வாரம் முழுக்கப் பார்த்திருக்கிறான். ஒருநாள் வந்து, "சார், சைடுல தேடாத. மேல போ" என்றான். கைகாட்டிய இடத்தில் ஒரு வேப்ப மரம், நாற்பதடி உயரம். அவன் ஊரில் எல்லாரும் இப்படித்தானாம். டவருக்கும் நமக்கும் நடுவே இருக்கிற வீடு, தோப்பு, மேடு எல்லாவற்றையும் தாண்டிப் பார்க்கிற உயரம் கிடைத்துவிட்டால், மீதியை டவர் பார்த்துக்கொள்ளும்.

கட்டுக்கம்பியால் ஒரு வளையம் செய்து உச்சிக் கிளையில் மாட்டினான். அதில் கயிறு. கயிற்றின் நுனியில் ரூட்டரும் ஒரு பவர் பேங்க்கும். மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோறு கட்டுகிற பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். ஃபாரடேயைப் படித்தவன் நான். புரிந்துகொண்டவன் அவன்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறரைக்குக் கொடியேற்றம். ராத்திரி ஒன்பதுக்குக் கொடியிறக்கம், பவர் பேங்க்கைச் சார்ஜில் போட. மேலே போனதும் நாலைந்து எம்பிபிஎஸ் கிடைத்தது. ஏழு மணிக்குள் என் ரிப்போர்ட் போய்விடும். அதன்பிறகு மரம் பொதுச்சொத்து. ரூட்டரில் ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் இணைய முடியும். கேம்ப்பில் முப்பத்தியிரண்டு பேர். அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், வீடியோ போன் மட்டும், சினிமா கிடையாது. மரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து ஒடியாவிலும் போஜ்புரியிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். தெரியாத மொழியிலும் அந்தக் கேள்வி மட்டும் நமக்குப் புரிந்துவிடும்.

கயிறு கட்டியவனுக்கு ஊரில் மகள் பிறந்திருந்தாள். அவன் இன்னும் நேரில் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மேல்தான் அவன் முறை. படம் உறைந்து நின்றால் நாங்கள் எரிச்சலடைவோம். அவனுக்கு அது பிடிக்கும். குழந்தை அசையாமல் இருக்கிறது, நன்றாகப் பார்க்கலாம் என்பான்.

இப்படி இருக்கும்போது ஆடி வந்தது. 2022-ல் ஆடி பிறந்ததே ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையத்தம்மனுக்கு ஆடி ஞாயிறு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சனிக்கிழமை மாலையிலிருந்தே வேன், மினி லாரி, டிராக்டர், மாட்டு வண்டி என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஆற்றங்கரையிலும் தோப்பிலும் தார்ப்பாய் கட்டித் தங்கி, பொங்கல் வைத்து, ஆடு கோழி அடித்து, வேப்பிலையைச் சேலையாக உடுத்தி அம்மனை வலம் வருவார்கள். வெள்ளைக்காரர்கள் வண்டியில் போய்க் காட்டில் தங்குவதை 'கேம்ப்பிங்' என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். நம் ஜனம் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்கிறது, போதாக்குறைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு.

வேப்பஞ்சேலைக்கு வேப்பிலை வேண்டுமே. சனிக்கிழமை காலையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. வயல்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம். நாங்கள் கும்பிட்டுக் கேட்டதால் உச்சிக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மரத்தை மொட்டை அடித்தார்கள். போச்சு என்று தலையில் கை வைத்தோம். மாலை கொடியேற்றினால், சிக்னல் முன்னைவிட நன்றாக இருக்கிறது! இலையில் இருக்கிற ஈரம் அலையை உறிஞ்சுமாம். இலை போனதும் வழி திறந்துகொண்டது. அம்மன் நமக்குச் செய்த உபகாரம் என்று சமையல்காரர் சூடம் ஏற்றினார்.

சூடம் அணைவதற்குள் எல்லாம் நின்றது. கோடு நாலும் நிமிர்ந்து நிற்கிறது, வாட்ஸ்அப்பில் ஒரு டிக் விழவில்லை. டவர் என்பது ஊர்க் கிணறு மாதிரி. தண்ணீர் தெரியும், ஆனால் ஆயிரம் வாளி ஒரே நேரத்தில் இறங்கினால் யார் வாளியும் நிறையாது. ஆற்றங்கரையில் அத்தனை பேரும் அம்மனை வலம் வருவதை லைவ் போடுகிறார்கள், பொங்கல் பொங்குவதை ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், காணாமல்போன சித்தப்பாவுக்கு லொகேஷன் அனுப்புகிறார்கள். கும்பமேளா மாதிரிப் பெருங்கூட்டங்களுக்குச் செல்போன் கம்பெனிகள் சக்கரம் வைத்த வண்டியிலேயே டவரைக் கொண்டுவந்து நிறுத்துவது உண்டு. டிரெய்லரில் டவர் வரும். டிரெய்லருக்குத்தான் வராது.

ஆடி போய், ஆவணி போய், அக்டோபர் வந்தது. முதல் தேதி டெல்லியில் பிரதமர் 5ஜியைத் தொடங்கி வைத்தார். ஆறாம் தேதியே சென்னையில் ஒரு கம்பெனி 5ஜி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நாங்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள். நள்ளிரவு பன்னிரண்டு ஏழுக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் என்று சொன்னார்கள். எங்கள் இடத்துக்கும் அதற்கும் பறவை பறக்கிற கணக்கில் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். கேம்ப் முழுக்கக் கன்டெய்னர் கூரையில் ஏறிவிட்டது. வடகிழக்கில் வானம் விடிந்த மாதிரி வெளுத்து, ஒரு தீப்பந்து மேலே எழும்பியது. பையன் தன் போனில் வீடியோ எடுத்தான். மறுநாள் பேப்பரில் பார்த்தேன். அது எல்விஎம்-3. கொண்டுபோனவை ஒன்வெப் கம்பெனியின் 36 செயற்கைக்கோள்கள். வேலை என்ன தெரியுமா? கம்பியும் டவரும் எட்டாத தொலைதூர இடங்களுக்கு வானத்திலிருந்து இன்டர்நெட் தருவது!

அத்தனையும் எங்கள் கூரைக்கு எதிரே ஏறி, விடிவதற்குள் சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் விடிகாலையில் கிளம்பினேன். ஆரணியிலிருந்து ஆரணிக்கு நாலு பஸ் மாறி ஆறு மணி நேரம். வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மகளுக்கு மத்தாப்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. பையன் நள்ளிரவில் அனுப்பிய ராக்கெட் வீடியோ அப்போதுதான் வந்து சேர்ந்தது. மரம் உயரம் நாற்பதடி.

2023 ஜனவரியில் இன்னொரு அடி. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 512 கேபிபிஎஸ் வேகம் என்று இருந்த விளக்கத்தை 2 எம்பிபிஎஸ் என்று அரசு மாற்றியது. பத்துப் பேர் பிடித்துக்கொண்டால் எங்கள் மரத்தடியில் ஆளுக்கு அரை எம்பிதான் வரும். அதுநாள் வரை நாங்கள் பிராட்பேண்ட் வாசிகள் என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்த அன்றே பறிபோயிற்று.

அதற்காக நான் வருத்தப்படவில்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்துச் சில கிராமங்களில் கம்ப்யூட்டர் வைத்தது. வீராம்பட்டினம் மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவலை எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவிப்பார்கள். கம்ப்யூட்டரைத் தொடாத மீனவரும் அதைக் கேட்டுவிட்டுப் படகை இறக்குவார், இல்லை கரையில் ஏற்றுவார். ஒரே இணைப்பில் ஊர் முழுக்கப் பிழைத்துக்கொண்டது. ஆளுக்கொரு சிம், ஆளுக்கொன்றரை ஜிபி என்று வந்தபிறகு நமக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. நம் நாட்டில் இன்டர்நெட் மலிவுதான். ஆனால் கதவு எண் உள்ளவனுக்கு அது கதவு வரைக்கும் வருகிறது. கம்பி கட்டுகிறவனும் கான்கிரீட் போடுகிறவனும், அடுத்தவர் கதவுக்கு எண் வர வேலை செய்கிறவனும், மரம் ஏற வேண்டியிருக்கிறது.

2023 மார்ச் 26 காலை ஒன்பது மணிக்கு இன்னும் 36 செயற்கைக்கோள்கள் போயின. இந்தமுறை யாரும் வீடியோ எடுக்கவில்லை. சம்பளக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏப்ரலில் வேலை முடிந்தது. ஒரு லாரி வந்து டிரெய்லரைக் கோத்துக்கொண்டு இழுத்தது. பத்து மாதத்தில் முதல்முறையாக என் வீடு நகர்ந்தது. பையன் மரமேறி வளையத்தைக் கழற்றி எனக்குக் கொடுத்தான். ஊருக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு படம் அனுப்பினான். முழுசாக, ஒரே தடவையில் வந்தது.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். குடோனுக்குக் கதவு எண் வந்துவிட்டது. ஃபைபரும் வந்துவிட்டது. உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள், ஆள் யாரும் தங்குவதில்லை. மெயின் ரோட்டுக்கு அந்தப்புறம் வயலில் புதிதாக ஒரு சைட், ஒரு கன்டெய்னர், தகரக் கொட்டகைகள். வேப்ப மரம் எதுவும் கண்ணில் படவில்லை.

ஆகவே ஆடி ஞாயிறுக்குப் பெரியபாளையம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாருங்கள், தங்குங்கள், பொங்கல் வையுங்கள். வீடியோவும் எடுங்கள். ஆனால் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் லைவ் போடாதீர்கள். வீட்டுக்குப் போய் மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம், உங்களுக்குக் கதவு எண் இருக்கிறது. பக்கத்து வயலில் யாரோ ஒருத்தன் அப்போதுதான் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.